வாசகர் கேள்வி – பதில்: காட்டுயிர்களும் நம் கடைத்தெருவும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய வெருலத்தில் எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மளிகை, மசாலா வணிகம் செய்து வருகிறது. இவ்வட்டாரத் தமிழ் வணிகர்கள் சிலர் சேர்ந்து, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறோம். காண்டாமிருகங்களைக் காக்கும் அமைப்பு ஒன்றுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பிவிட்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். அது போதுமா?
— வணிகர் ஒருவர், வெருலம்

பதில்: உங்கள் தீர்மானத்துக்கு என் மனமார்ந்த பாராட்டு. காண்டாமிருகங்களுக்கு உதவி தேவை என்பதில் ஐயமே இல்லை. 2014ஆம் ஆண்டில் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 499ஆகக் குறைந்தது என்றாலும், அவற்றுள் 325 நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே மாண்டன. அழிவின் விளிம்புக்குப் போன வெள்ளைக் காண்டாமிருகத்தை மீட்டு உலகுக்கே அளித்த ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காடு இருக்கும் மாகாணத்துக்கு இது பெருந்துயரம். காவலர்கள், மோப்ப நாய்கள், கொம்பை முன்கூட்டியே அறுத்தெடுக்கும் பணி ஆகிய அனைத்துக்கும் பெருஞ்செலவு ஆகிறது. அதில் உங்கள் பங்கும் சேரட்டும்.

ஆனால் பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. வேட்டைக் கும்பல்கள் வழிகாட்ட ஆள் தேடுவது காப்புக்காட்டு வேலியோரக் கிராமங்களின் வேலையற்ற இளைஞர்களிடையேதான். வேலிக்கு உள்ளே எவ்வளவு செலவழித்தாலும், வெளியே இருப்பவர்களுக்கு அந்த விலங்கு உயிரோடு இருப்பதால் ஒரு பயனும் இல்லையென்றால் காவல் நிலைக்காது. வணிகர்களாகிய உங்களிடம் பணத்தைவிட அரிய சில திறமைகள் இருக்கின்றன: தொடர்ந்து கொள்முதல் செய்வது, கணக்கு வைப்பது, சொன்ன நாளில் சொன்ன பொருளைச் சேர்ப்பது. இவையே அந்த மக்களுக்கு இன்று அதிகம் கிடைக்காதவை.

இதற்கு உங்கள் ஊருக்கு அருகிலேயே நல்ல சான்று இருக்கிறது. பஃபல்ஸ்டிராய் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள நிலம் ஒருகாலத்தில் கரும்புக்காடாக இருந்ததை உங்கள் பெரியவர்கள் அறிவார்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியால் டர்பனில் உண்டாகும் கரியமில வாயுவுக்கு ஈடு செய்ய, 2008இல் டர்பன் நகரை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி ஒரு தொண்டு அறக்கட்டளையுடன் சேர்ந்து அங்கே மீண்டும் காடு வளர்க்கத் தொடங்கியது. கன்றுகளை வளர்த்துக் கொடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஏழைக் குடும்பத்தினர். அவர்களை 'ட்ரீப்ரனர்' (மரத் தொழில்முனைவோர்) என்று அழைத்தார்கள். நாட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி வந்து, வெட்டிய பிளாஸ்டிக் குப்பியிலும் பால் அட்டைப்பெட்டியிலும் மண் நிரப்பி, வீட்டு முற்றத்திலேயே நாற்று வளர்த்தார் ஒரு பெண். கன்றின் உயரத்தைப் பொறுத்து அவருக்கு மதிப்புச் சீட்டு கிடைத்தது. அதைக் கொண்டு உணவுப் பொருளோ, மிதிவண்டியோ, வீடு கட்டும் பொருளோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ பெற்றுக்கொண்டார். கரும்பு நின்ற இடத்தில் இன்று நாட்டு மரங்கள் நிற்கின்றன. நிழலும் கனியும் பெருகும்போது பறவைகளும் சிற்றுயிர்களும் தாமே குடிவருகின்றன.

இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு இயல்பாகவே ஓர் இடம் இருக்கிறது. இத்தகைய திட்டத்தை நடத்தும் அறக்கட்டளை ஒன்றுடன் பேசி, அந்தச் சீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் தரும் கடையாக உங்கள் கடை ஆகலாம். ஆண்டுக்கு இத்தனை கன்றுகள் என்று ஐந்தாண்டுக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு கைவிட்டால், உங்களை நம்பி வளர்த்த கன்றுகளோடு அந்தப் பெண்தான் நிற்பார். நன்கொடையாகக் கொடுப்பதாயின், அந்த அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலை கலவரத்தின்போது கோர்னுபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்று தீக்கிரையானதையும், அதிலிருந்து வழிந்த நஞ்சு ஓலங்கா ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்ததையும், கடற்கரைகள் மூடப்பட்டதையும் நாம் அனைவரும் கண்டோம். உங்கள் வணிகர் குழுவில் கிடங்கு, பட்டறை, சாயத் தொழில், எண்ணெய் வணிகம் நடத்துவோர் இருப்பார்கள். மழைநீர்க் கால்வாயில் அவர்கள் இடத்திலிருந்து என்ன போய்ச் சேருகிறது என்பதை உங்கள் முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். தொலைவில் உள்ள காண்டாமிருகத்துக்குக் கொடுப்பதற்கு முன், தன் கடையின் பின்புறத்து ஓடைக்குக் கணக்குச் சொல்வதுதான் முறை.

கேள்வி: குரூகர் பூங்காவில் ஓர் இரவு தங்க எங்களைப் போன்றவர்களுக்கு வசதி இல்லை. செல்வந்தர்களும் வெளிநாட்டாரும் பார்த்து மகிழும் விலங்குகளுக்காக எங்கள் பகுதி மக்கள் ஏன் பணம் திரட்ட வேண்டும்?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் வாழும் நீங்கள் அதைக் கேட்பதில் கூடுதல் பொருளும் இருக்கிறது. இனவாரியாக வாழிடம் பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம்மவர்களைப் பெயர்த்தெடுத்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது போலவே, காட்டின் பெயராலும் மக்களைப் பெயர்த்தெடுத்த வரலாறு இந்நாட்டுக்கு உண்டு.

லிம்போபோ, லுவூவு ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே உள்ள பஃபூரிப் பகுதியில் மக்குலேக்கே மக்கள் வாழ்ந்து வந்தார்கள். 1969இல் அரசு அவர்களைக் கட்டாயமாக வெளியேற்றி, அந்நிலத்தைக் குரூகர் பூங்காவோடு சேர்த்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் அவர்கள் அந்நிலத்துக்கு உரிமைகோரினார்கள். 1998இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. மீண்டும் குடியேறவும் உழவு செய்யவும் அவர்கள் முற்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர்கள் அந்நிலத்தைக் காடாகவே வைத்துக்கொண்டு, தேசியப் பூங்கா நிர்வாகத்துடன் கூட்டாக நிர்வகிக்க ஒப்பந்தம் செய்தார்கள். விடுதி நடத்த வரும் தனியார் நிறுவனங்கள் மக்குலேக்கே மக்களின் பொதுச்சொத்துச் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்து, அவர்களுக்கே குத்தகைப் பங்கு செலுத்துகின்றன. அங்கே நிலத்தின் உரிமையாளர் மக்களே. நிறுவனம் குத்தகைதாரர் மட்டுமே. 2013 ஜனவரி வெள்ளத்தில் பஃபூரி முகாம் சேதமடைந்து, அதை நடத்திய நிறுவனம் விலகியபோதும் நிலம் மக்கள் கையில் இருந்தது. பின்னர் வேறு நிறுவனம் வந்து முகாமை மீண்டும் திறந்தது. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் இத்தகைய கூட்டுறவில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மக்களுக்கு 'நலத்திட்டம்' என்று ஒரு கிணறோ வகுப்பறையோ கட்டிக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் லாபம் குறைந்த ஆண்டில் முதலில் வெட்டுவது அந்தத் திட்டத்தைத்தான். குத்தகை ஒப்பந்தத்தை அவ்வாறு வெட்ட முடியாது.

ஆகவே, பணம் திரட்டும்போது "நிலம் யாருடையது, வருமானத்தில் உள்ளூர் மக்களுக்கு எவ்வளவு, அது எந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்துக்கு ஒரு ரேண்ட் கூடக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு மயிற்பீலி வாங்குகிறோம். அது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கோயில் நிர்வாகம் இதில் ஏதேனும் செய்ய முடியுமா?
— கோயில் தொண்டர், ஃபீனிக்ஸ்

பதில்: செய்ய முடியும், செய்யவும் வேண்டும். மயில் இந்தியாவின் தேசியப் பறவை. அங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைத் தடுக்கிறது; தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் விற்கலாம் என்றாலும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. எனவே இந்தியாவிலிருந்து நேராக வந்த பீலி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆண் மயில் ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையைத் தானே உதிர்த்துவிடும். அதன் அடித்தண்டைக் கவனித்துப் பாருங்கள்: தானாக உதிர்ந்த பீலியின் நுனி காய்ந்து சுத்தமாக இருக்கும், பிடுங்கியதாயின் நுனியில் இரத்தக் கறையோ சதைத் துணுக்கோ ஒட்டியிருக்கக்கூடும். நுனியை நறுக்கி விற்கும் பீலியில் இந்தச் சோதனை செய்ய இயலாது என்பதால், நறுக்காத பீலியையே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊரை ஒட்டிய இனாண்டாவில், ஜூலு மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஷெம்பே திருச்சபையினர் காட்டிய வழி நமக்குப் பெரிதும் பொருந்தும். அவர்கள் வழிபாட்டு நடனத்தில் சிறுத்தைத் தோல் அணிவது மரபு. அதை இழித்துப் பேசாமல், பாந்தெரா என்னும் காட்டுப்பூனையினப் பாதுகாப்பு அமைப்பு திருச்சபைப் பெரியவர்களுடன் அமர்ந்து பேசி, தோலைப் போன்றே தோன்றும் செயற்கை மேலாடையை உருவாக்கி, ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கியது. எல்லோரும் உடனே மாறிவிடவில்லை என்றாலும், பலர் அணியத் தொடங்கியதும் அசல் தோலுக்கான தேவை இறங்கியது. பக்தியை மதித்துத் தொடங்கியதால்தான் அது நடந்தது.

உங்கள் கோயில், அக்கம்பக்கத்துக் கோயில்கள், பூசைப் பொருள் விற்கும் கடைகள் ஆகிய மூன்றும் கூடி ஒரே கொள்முதல் ஏற்பாடு செய்யலாம். இங்கேயே மயில் வளர்ப்போர் பலர் இருக்கிறார்கள். உதிரும் பீலியை அவர்களிடமிருந்து மொத்தமாகக் கடைகள் வாங்கட்டும். எங்கே, யாரிடம் வாங்கியது என்ற குறிப்போடு வரும் பீலியை மட்டுமே காவடிக்கு ஏற்போம் என்று கோயில் அறிவிக்கட்டும். கட்டிய காவடியிலிருந்து நல்ல பீலிகளைப் பிரித்து, வேப்பிலையோடு பெட்டியில் வைத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். பூச்சி அரிக்காமல் காய்ந்த இடத்தில் வைத்தால் அவை பல ஆண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும்.