பயனீட்டாளர் கேள்வி-பதில்: எவர்சில்வர் கம்பி வலை

சென்ற மாதம் கோழிக்கூண்டுக் கதவைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் எவர்சில்வர் வலை வாங்கிய பாதிப் பேர் என் மீது கடிதங்களைக் குவித்துவிட்டார்கள். சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: கீரைப் பாத்தியைச் சுற்றி எவர்சில்வர் வலை அடித்தோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. ஐந்தே மாதத்தில் பழுப்பேறிவிட்டது. ஏமாற்றப்பட்டோமா? (இல்லத்தரசி, மோரிப்)

பதில்: கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தவுடனே நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்று பலமுறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன், ஏனெனில் இந்த வித்தை இன்னும் செல்லுபடியாகிறது. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது வெறும் இரும்போ, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியோ அல்ல என்பது மட்டுமே தெரியும். எவர்சில்வரில் எந்த வகை என்பதை அது சொல்லாது. 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன; 201 வகையில் விலை கூடிய நிக்கலை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, அதற்கு ஈடாக மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டுவதில்லை. குசினிக் கரண்டிக்கு 201 போதும். கடற்காற்று வீசும் மோரிப்பில், வெட்டவெளியில், அது தாங்காது. அங்கே தாங்கக்கூடியது 2 முதல் 3 விழுக்காடு மொலிப்டினம் கலந்த 316 வகைதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நல்ல 304 கம்பியையே சூடாக்காமல் இழுத்து மெலிதாக்கும்போது அதில் இலேசான காந்த ஈர்ப்பு வந்துவிடுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மல்லிகைப் பந்தலுக்கு வலை வாங்கப் போனபோது, காந்தம் சற்றே ஒட்டிய சுருளை ஒதுக்கிவிட்டு, ஒட்டாத சுருளை 60 வெள்ளி கூடுதலாகக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் ஒதுக்கியதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார். அவருடைய வலை இன்றும் பளபளக்கிறது. என்னுடையதை இரண்டே மழைக்காலத்தில் கழற்றி எறிந்தேன்.

உங்கள் வலையைச் சவர்க்கார நீரில் நனைத்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நீங்கிக் கம்பி வழவழப்பாக இருந்தால் அது உப்புக்காற்றின் கறை. கடலோரத்தில் 304 வகைக்கும் அது வரும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் அடங்கும். துடைத்த பிறகு சிறு குழிகள் தென்பட்டால் கம்பியே அரிக்கப்படுகிறது; ரசீதில் 304, 316 என்று எந்த வகை எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால், கடைக்காரர் உங்களுக்கு எதையும் உறுதியளிக்கவில்லை என்று வாதாடுவார்.

கேள்வி: ஓர் அங்குலக் கண் கொண்ட எவர்சில்வர் வலையால் கோழிக்கூண்டு செய்தோம். ஆனாலும் பாம்பு நுழைந்து ஆறு குஞ்சுகளை விழுங்கிவிட்டது. வலை தரமற்றதா? (கேரித் தீவு)

பதில்: வலை தரமானதாகவே இருக்கலாம், கண்தான் பெரிது. செம்பனைக் காட்டை ஒட்டிய வீட்டில் தீவனம் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கூண்டின் கீழ்ப்பகுதிக்கேனும் 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண் வேண்டும். வலையின் அடியோரத்தை ஓர் அடி ஆழம் மண்ணில் இறக்கி வெளிப்பக்கமாக மடித்து விடுங்கள். தோண்டி வரும் பெருச்சாளி அங்கே முட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: வேலி போட்டதில் மிஞ்சிய ஜி.ஐ. வலையை வெட்டி மீன் சுடலாமா? எவர்சில்வர் தட்டு விலை அதிகமாக இருக்கிறது.

பதில்: கூடாது. துத்தநாகப் பூச்சு நெருப்பில் உருகும், புகையும்; அதன் மேல்தான் உங்கள் மீன் இருக்கும்.

கேள்வி: வலையில் துரு இல்லை. ஆனால் அதை அடித்த ஆணிகள் எல்லாம் துருப்பிடித்து உதிர்கின்றன. ஏன்?

பதில்: இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன் என்பதால் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். முதல் வலையில் சூடுபட்ட பின், 316 வகையைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த சாதாரண ஆணிகளால் கோழிக்கூண்டில் அடித்தேன். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் வலுக்குறைந்த உலோகம்தான் அரிக்கப்படும். பரந்த எவர்சில்வர் வலைக்கு நடுவே சின்னஞ்சிறு இரும்பு ஆணி இருந்தால் அரிப்பு முழுவதும் அதன் தலையில்தான் விழும். ஒரு மழை இரவில் வலை அப்படியே பெயர்ந்து விழுந்தது. விடிந்தபோது கோழிகள் தாமான் குடியிருப்பு முழுவதும் உலாவிக்கொண்டிருந்தன. திருகாணி, பட்டை, கட்டுக்கம்பி ஆகிய எல்லாமே எவர்சில்வராக இருக்கட்டும்.

கேள்வி: கொட்டகைக்குள், மழையே படாத மூலையில் மட்டும் வலை துருப்பிடிக்கிறது. இது எப்படி? (ஜெஞ்சாரோம்)

பதில்: அந்த மூலையில் பொட்டாஷ் உர மூட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறீர்களா? தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பின் உறவுக்காரன். வெளியே இருக்கும் வலையை மழை கழுவிவிடுகிறது. கொட்டகைக்குள் படிந்த தூசு ஈரத்தை இழுத்துக்கொண்டு கம்பியைத் தின்கிறது. மூட்டையை நகர்த்திவிட்டு வலையைக் கழுவுங்கள்.

கேள்வி: குளோராக்ஸ் வெளுப்புத் திரவம் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். இரும்புப் பஞ்சும் வேண்டாம்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். சேமநிதிப் பணத்தில் 1,850 வெள்ளிக்கு வீட்டு வேலியில் எவர்சில்வர் 304 வலை பொருத்தினேன். ஏழு மாதத்தில் கம்பியெல்லாம் துரு. விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதிலேயே அச்சடித்திருப்பதாகத் தவுக்கே (கடை முதலாளி) சொல்கிறார்.

பதில்: ஐயா, அந்த அச்சைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தரும் உத்தரவாதங்களை ஒரு ரசீதின் அடியில் அச்சடித்த வாசகத்தால் அழித்துவிட முடியாது. ரசீதில் 304 என்று எழுதியிருப்பது உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய பலம்; ஒரு வகையின் பெயரைச் சொல்லி வேறு வகையை விற்றிருந்தால் அது வணிக விவரிப்புச் சட்டம் 2011-இன்படி குற்றமும் ஆகும். துருவைத் தேதியுடன் படம் எடுங்கள். ஒரு துண்டு வலையை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு ஒரு கடிதம் எழுதி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதல் பாரத்தை (படிவம் 1) நிரப்பி 5 வெள்ளி கட்டுங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, கடைக்காரரும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால் உங்களுக்குக் காலம் தாராளமாக இருக்கிறது. பாரத்தை நிரப்பப் படித்த பேரப்பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடங்களில் மட்டும் துரு இருந்தால், கறுத்த பகுதியைச் சுத்தம் செய்யாமல் போனது பொருத்தியவரின் தவறாகவும் இருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு அதே வலை கிடைத்தது. வந்ததைப் பார்த்தால் கையால் வளைக்கலாம் போலிருக்கிறது. படத்தில் கண் ஒரே அளவாகத்தானே இருந்தது?

பதில்: படத்தில் கண் தெரியும், கம்பியின் தடிமன் தெரியுமா? கண்களின் எண்ணிக்கை மாறாமல் தடிமன் பாதியானால் உலோகம் நான்கில் ஒரு பங்குதான். அப்படியிருக்கப் பாதி விலை என்பது மலிவே அல்ல. நீங்கள் இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். விற்பனைக் குறிப்பில் தடிமன் மில்லிமீட்டரில் எழுதியிருந்ததா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்து நீங்கள் படிக்கவில்லை என்றால், அந்த வலையைப் பாகற்கொடிக்குப் பந்தலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.