வீட்டில் பழைய எழுத்தாளர் செவ்விகள் கசெற்றில் இருக்கின்றன. திரும்ப வெளியிட எங்கே தொடங்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 1980களிலும் 90களிலும் அறியப்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கள் நூல்களைப் பற்றிக் கொடுத்த செவ்விகள் பதினைந்து கசெற்றுகளிலும் ஒரு கட்டுச் சஞ்சிகைகளிலும் இருக்கின்றன. இவற்றை மீளப் பார்த்து வெளியிட என்ன செய்ய வேண்டும்?

பதில்:

கசெற்றை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றால் நல்லது. போடாதீர்கள். முதலில் அதன் மேல் விளிம்பின் இரு மூலைகளிலும் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். நாக்கு இருந்தால் தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அமுங்கி, 40 வருடப் பேச்சின்மேல் உங்கள் வீட்டுச் சேவல் பதிவாகும். அடுத்து நடுக் கண்ணாடிக்குள்ளால் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சணம். மாரியில் ஈரம் குடித்த அலுமாரியிலிருந்து வரும் கசெற்றுகளில் இது சாதாரணம். அதை அப்படியே ஓட்டினால் அந்த நாடாவும் கெடும், கருவியின் தலையில் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதி) ஒட்டிய பூஞ்சணம் அடுத்த கசெற்றுக்கும் போகும். அப்படியானவற்றைத் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள், கடைசியில் பார்க்கலாம். வெயிலில் காயவைக்கவே வேண்டாம்.

சுத்தமாக இருப்பவற்றை ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவின் இறுக்கம் சுருளுக்குள் ஒரே சீராக இருக்காது. சுற்றாமல் போட்டால் குரல் அலைபாயும். வாய்ப் பக்கத்தில், நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடித்திருக்கும். பழைய கசெற்றில் பசை காய்ந்து இது விழுந்துவிடும். சத்தம் மங்கலாக, வந்து வந்து போனால் நாடாவைக் குறைசொல்ல முன் இதைப் பாருங்கள். கூடு திருகாணி போட்டதாக இருந்தால் நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றுவது அரை மணி நேர வேலை. அறுந்த நாடாவை ஒட்டுவதற்கென்றே 3.81 மில்லிமீற்றர் அகல ஒட்டுநாடா இருக்கிறது. செலோரேப் ஒட்டினால் சில மாதத்தில் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். 120 நிமிடக் கசெற்றின் நாடா மிக மெல்லியது. அதை வேகமாகச் சுற்றாமல், சாதாரண வேகத்தில் ஒரு பக்கத்தை ஓடவிட்டு மறு முனைக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

யூஎஸ்பியில் நேரே செருகும் மலிவான சின்னக் கருவிகளை வாங்க வேண்டாம். அவற்றின் மோட்டர் ஒரே வேகத்தில் ஓடாது. யாராவது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கசெற் டெக் ஒன்று, அதற்குப் புதிய பெல்ற், ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஒரு சிறிய இடைமுகக் கருவி, இவ்வளவும் போதும். வயரை டெக்கின் பின்பக்க வெளியீட்டில் குத்துங்கள், காதொலிப்பான் துளையில் அல்ல. மடிக்கணினியின் மைக் துளையில் கொடுத்தால் சத்தம் கிழியும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பதிவாகும். தலையையும் இறப்பர் உருளையையும் ஐசோபுறொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கசெற்றுக்கு முன்பும் துடையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டொல்பிப் பொத்தான், கசெற்றில் டொல்பி என்று எழுதியிருந்தால் ஒழிய, அணைந்தே இருக்கட்டும்.

பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றை மைக்கில் எடுத்த செவ்வியானாலும் இடது, வலது இரண்டு தடத்திலும் எடுங்கள்; ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதில் பேச்சு தெளிவாக இருக்கும். உச்சச் சத்தம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த அளவில் 60 நிமிடக் கசெற் ஒன்று ஏறத்தாழ 1 ஜிபி, 90 நிமிடம் என்றால் ஒன்றரை. தொடக்கத்திலேயே எம்பி3 ஆக எடுப்பவர்கள் பிறகு துப்புரவு செய்யும்போது வருந்துவார்கள்.

பலரும் தவறவிடுவது தலையின் சாய்வு. கருவிக்குக் கருவி தலையின் கோணம் சற்று மாறும். பதிவு செய்த கருவியின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கும். தலையின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். இரண்டு தடத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி, அதை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் குரல் சட்டென்று திறக்கும். அங்கே விடுங்கள். கசெற்றுக்குக் கசெற் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி வேகம். யாழ்ப்பாணத்துக் கசெற்றுகளுக்கு இதுதான் தனித் தலையிடி. 1990இல் மின்சாரம் நின்றபின் பதிவுகள் பற்றறியில் எடுக்கப்பட்டன. பற்றறியோ பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்த சாமான், தீர்ந்துபோகும் மட்டும் பாவித்தார்கள். பற்றறி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த குரலை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் கீச்சுக் குரலாகக் கேட்கும், பக்கத்தின் முடிவுக்குப் போகப் போக இன்னும் கீச்சாகும். எழுத்தாளர் கடைசியில் உணர்ச்சிவசப்பட்டார் என்று குறிப்பு எழுத முன் பற்றறியை நினையுங்கள்.

மின்சாரத்தில் எடுத்த பதிவென்றால் திருத்துவது சுலபம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் இரைச்சல் நாடாவில் மெல்லியதாக ஏறியிருக்கும். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைக்கற்றை வரைபடத்தை 65536 அளவில் எடுத்துப் பாருங்கள். இரைச்சல் 53இல் நின்றால் 50ஐ 53ஆல் வகுத்து வேகத்தை 94.3 வீதத்துக்கு இறக்க வேண்டும். ஒரு பொறி உண்டு: உங்கள் டெக்கின் சொந்த இரைச்சலும் சரியாக 50இல் நிற்கும். நாடா ஓடாத நேரத்தில் ஒரு துண்டு பதிந்து ஒப்பிட்டு, எது டெக்குடையது எது நாடாவுடையது என்று பிரியுங்கள். இரைச்சலின் மும்மடங்கு அதிர்வு வரும் 150க்குப் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் மூன்று மடங்காகத் தெரியும். பற்றறிப் பதிவில் இந்த இரைச்சலே இராது. அதே ஆளின் வேறொரு நல்ல பதிவோடு குரலை ஒப்பிடலாம். பின்னால் கோயில் மணியோ தேவாலய மணியோ கேட்டால் அதிர்ஷ்டம்: அதே மணி இன்றும் தொங்கினால் அதைப் போய்ப் பதிந்து வாருங்கள், மணியின் சுரம் மாறாது. படிப்படியாக ஏறும் வேகத்துக்கு ஒரே எண்ணைப் போடாமல் ஓடாசிட்டியின் நேரத் தடத்தில் சரிவாகத் திருத்துங்கள். எல்லாத் திருத்தமும் பிரதியில்தான், மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது. இரைச்சல் நீக்கியையும் 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்துங்கள். கூடினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகும்.

சஞ்சிகைக் கட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981 நாட்களில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. ஆகவே 1981க்கு முந்திய ஒரு ஞாயிறு மலர் உங்கள் கட்டில் இருந்தால் அது வேறெங்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். துருப்பிடித்த கம்பியை வளைத்து நிமிர்த்திக் கழற்றுங்கள், இழுக்காதீர்கள். அங்குலத்துக்கு 400 புள்ளியில், நிறத்தில், ரிஃப் கோப்பாக எடுங்கள். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுதெரிவது குறையும். தடைக்காலத்தில் கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. அந்த நீலக் கோடுகளை மறைக்க நிறப் படத்தைப் பிரித்து நீல அலைவரிசையை மட்டும் எடுக்கலாம். ஆனால் மஞ்சளாகிய தாள் அதே அலைவரிசையில் கறுக்கும். வெளிச்சத்தை உயர்த்திச் சமாளிக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் இந்த வழியே இல்லை.

படத்தை எழுத்தாக்கக் கூகுள் டொக்ஸ் போதும். ஆனால் பழைய அச்சின் யானைக்கொம்பு ‘லை’, ‘னை’, ‘ணை’, சுழித்த ‘றா’, ‘ணா’ எல்லாவற்றிலும் சறுக்கும். 90களின் பிற்பகுதியில் கணினியில் அடித்த கோப்புகள் கிடைத்தால் அவை அநேகமாகப் பாமினி எழுத்துரு. இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றியபின் ‘ஐ’ வேண்டிய இடத்தில் ‘ஜ’ இருக்கிறதா, ‘ஔ’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாகக் கிடக்கிறதா என்று தேடித் திருத்துங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, தேடலில் ‘ஐரோப்பா’ அகப்படாமல் போகும்.

இவ்வளவும் முடிந்தாலும் பாதி வேலைதான். நூலைப் பற்றிய செவ்வியை, எந்த நூல், எந்தப் பதிப்பு என்று தெரியாமல் வெளியிட்டால் அது வெறும் புகழ்ப் பேச்சாகிவிடும். உதாரணத்துக்குச் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. நாவலாக வந்தது 1973இல், திரைப்படமாக 1978இல். நாடாவில் “வாடைக்காற்று வந்தபோது” என்று ஒருவர் சொன்னால் எந்த வருடத்தைச் சொல்கிறார்? செவ்வியின் திகதி 78க்கு முந்தியதென்றால் நாவல்தான், பிந்தியதென்றால் பேச்சின் போக்கை வைத்தே தீர்க்க வேண்டும். செங்கை ஆழியான் நீலவண்ணன் என்ற பெயரிலும் எழுதினார். கிழக்கின் கவிஞர் நீலாவணன் வேறு ஆள், 1975இல் காலமானவர். நாடாவில் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே கேட்கும், எழுதி எடுப்பவர் தனக்குப் பழகிய பெயரைப் போட்டுவிடுவார்.

பதிப்பு விபரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது என். செல்வராஜாவின் நூல்தேட்டம் என்ற நூற்பட்டியல். தொகுதிக்கு ஆயிரம் ஈழத்து நூல்கள், வெளியீட்டாளர், வருடம், பக்கம் எல்லாம் இருக்கும். பிறகு ஈழத்து நூல்களின் எண்ணிம நூலகமான ‘நூலகம்’ இணையத்தளத்தில் அந்தப் பதிப்பின் பதிப்பு விபரப் பக்கத்தையே பாருங்கள். செவ்வியில் சொல்லும் பக்க எண் இரண்டாம் பதிப்பில் பொருந்தாவிட்டால் முதற் பதிப்பைத் தேட வேண்டும்.

மிகப் பெறுமதியான செவ்வி, நூலுக்கு முந்தியது. டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ 1999இல் வந்தது. அதற்கு முன் அவர் கொடுத்த செவ்வி ஏதும் கையில் இருந்தால், அவரது சலூனும் அவர் நடத்திய மல்லிகைச் சஞ்சிகையும் பற்றிய அதே சம்பவத்தை இரண்டிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதைக் குறிப்பாகக் கொடுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

எழுதி எடுப்பது ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் தின்னும். தானியங்கி மென்பொருளில் முதல் வரைவு எடுக்கலாம், ஆனால் அவை யாழ்ப்பாணப் பேச்சில் தடுமாறும். “எண்டு” என்பதை “என்று” ஆக்குவதால் பெரிய நட்டமில்லை. “உந்தப் புத்தகம்” என்பதை “அந்தப் புத்தகம்” ஆக்கினால் நட்டம். “இந்தப் புத்தகம்” என்றால் எழுத்தாளர் கையில் இருக்கிறது, “உந்தப் புத்தகம்” என்றால் கேட்பவர் கையில், “அந்தப் புத்தகம்” என்றால் இரண்டு பேரிடமும் இல்லை. ஒரு எழுத்தில் அந்த அறையே தெரிகிறது. “உந்த அட்டைப்படம் எனக்குப் பிடிக்கேல்லை” என்றால் கேட்பவர் கொண்டுவந்த பதிப்பைச் சொல்கிறார் என்று பதிப்பையும் பிடிக்கலாம். ஆகவே முதற் பிரதியில் சொன்னது சொன்னபடி. அச்சுக்குப் போகும் பிரதியில் திரும்பத் திரும்ப வரும் “என்னண்டா”, “பேந்து” போன்றவற்றைக் குறைக்கலாம், உ-சுட்டைத் தொடக்கூடாது. நீங்கள் சேர்க்கும் சொல் ஒவ்வொன்றும் சதுர அடைப்புக்குள் போகட்டும்.

உரிமை: இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும். 1982இல் காலமான விமர்சகர் கைலாசபதியின் எழுத்துக்கே 2052 வரை உரிமை இருக்கிறது. செவ்வியில் பதில் சொன்னவர், கேட்டவர், அச்சிட்ட சஞ்சிகை மூன்று பக்கத்துக்கும் பங்கிருக்கலாம்; வானொலியில் இருந்து பிடித்தது என்றால் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் சேரும். ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் சிறு பகுதி எடுத்தாளச் சட்டம் இடம்தரும், முழுச் செவ்விக்குக் குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்கப் போகும்போது ஒலிப் பிரதியை ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். தகப்பனின் குரலைக் கேட்டபின் கடிதத்தில் கையெழுத்து வைப்பது அவர்களுக்கும் சுலபம். உயிரோடிருக்கும் மூன்றாம் ஆளின் சாதி, குடும்ப விடயம் வரும் இடங்களை வெட்டினால் வெட்டியதாகக் குறியுங்கள்.

வெளியிடும்போது தலைப்பின் கீழே ஆறு விடயம் போதும்: பேசியவர், கேட்டவர், இடம், திகதி, எந்த நூலின் எந்தப் பதிப்பு, எதிலிருந்து எடுத்தது. திகதி நிச்சயமில்லாவிட்டால் கசெற் உறையில் எழுதியிருப்பதை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள். மூலக் கோப்பின் பிரதி ஒன்றை நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று வேறூரில் உள்ள உறவினரிடம். கசெற்றை எறிய வேண்டாம். ஒரு முனைக்கு முழுதாகச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குத் தூரத்தில் வையுங்கள்.