குளச்சலில் மூன்று பேர் வேலை செய்யும் ஆபீசுக்குக் குறைந்த விலையில் எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் ஆபீஸ், டேலி என்ற கணக்கு சாப்ட்வேரும் ஜிஎஸ்டி வேலையும்தான், ஒரு லட்சத்துக்குள் மூன்று சிஸ்டம் வேண்டும், புதுசா பழசா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழசே வாங்குங்கள். மிச்சமாகும் காசை எர்த் வயரிங்கிலும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

எனக்கும் குளச்சல் பக்கம்தான் கணக்கு எழுதும் ஆபீஸ். மீன் வியாபாரிகள், இரண்டு அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), வள்ளத்துக்கு இன்ஜின் சாமான் விற்கும் ஒரு கடை, இவர்கள் கணக்கெல்லாம் எங்களிடம். 2016-ல் மூன்று புது அசெம்பிள்ட் சிஸ்டம் வாங்கித் தொடங்கினேன். மறு வருஷம் நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தது. பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து போட்டால் ஒன்று கிளம்பவே இல்லை. திறந்து பார்த்தால் போர்டில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று ஊரில் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும், சும்மா கிடப்பதுதான் ஈரம் பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது போய் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வருகிறோம். நமக்குத்தான் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை.

அடுத்த அடி மின்னல். ஒரு அக்டோபர் சாயங்காலம் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் போனோம். இன்டர்நெட் வரும் லேன் கேபிளைக் கழற்றவில்லை. ரவுட்டர் வழியாக வந்து இரண்டு சிஸ்டத்தின் நெட் போர்ட்டும் கருகியது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால், பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் வயரே இல்லை! வாடகைக் கட்டடமானாலும் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழசு என்றால் கண்டதையும் அல்ல. பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை. கடையில் பிராசஸர் "ஐ5" என்று மட்டும் சொன்னால் நிற்காதீர்கள், எந்த ஜெனரேஷன் என்று கேளுங்கள். ஐ5-8500 என்றால் எட்டாவது, ஐ5-4570 என்றால் நான்காவது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாவது ஜெனரேஷனாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காவது ஜெனரேஷனிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். வங்கி வேலையும் வரி வேலையும் பார்க்கிற மெஷினில் அது வேண்டாம்.

பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி கட்டாயம், 256 ஜிபி போதும். ரேம் 8 ஜிபி டேலிக்குத் தாராளம். பின்பக்க ஸ்குரூவில் துரு இருந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள்.

2024-ல் எட்டாவது ஜெனரேஷனில் ஒரே மாடலாக நான்கு எடுத்தேன், மானிட்டர் இல்லாமல் ஒன்று 15,000 ரூபாய். ஆள் மூன்று, பெட்டி நான்கு. வீண் செலவு என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் இந்த வகைச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனிக்கென்று தனி அளவு. போனால் நாகர்கோவிலில் உடனே கிடைக்காது, சென்னையிலிருந்து வரவேண்டும். ஜிஎஸ்டி கடைசித் தேதி அதுவரை காத்திருக்காது. போன ஜூலையில் ஒன்றின் பவர் சப்ளை போனது. நான்காவதிலிருந்து கழற்றி மாட்டினோம், அரை மணி நேரத்தில் வேலை தொடர்ந்தது. நான்கையும் முறை வைத்து ஓட்டுங்கள், ஒன்றும் சும்மா கிடக்கக் கூடாது.

யுபிஎஸ் ஆளுக்கொன்று, 600 விஏ போதும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், இழுக்கிற இழுப்பில் யுபிஎஸ் படுத்துவிடும். பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டிவரும்.

டேலி டேட்டாவை வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். வானம் இருட்டினால் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவிவிடச் சொல்லி ஆபீசில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.