இலங்கையின் அட்டன் பக்கம் துருவ நட்சத்திரம் ஏன் அகப்படவில்லை?

பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட நீங்கள் அச்சிட்ட வான வரைபடத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருக்கிறது என்கிறீர்கள். அது பிழையில்லை. தரையைப் பார்க்கிற வரைபடம் வேறு, வானத்தைப் பார்க்கிற வரைபடம் வேறு. தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பாருங்கள், திசைகள் சரியாகிவிடும். தெற்கே பார்க்கும்போது ‘தெற்கு’ என்ற விளிம்பு கீழே வரட்டும்.

துருவ நட்சத்திரம்தான் உண்மையான சிக்கல். உங்கள் படம் 40 பாகை வட அகலாங்குக்கு வரைந்தது. நாம் இருப்பது ஏறத்தாழ 7 பாகையில். நிற்கிற இடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை வரும். துருவ நட்சத்திரம் நமக்கு அதைவிடத் தாழ்வு. எதிரே ஒரு தேயிலை மலை நின்றால் போதும், மறைந்துவிடும். 5 அல்லது 10 பாகைக்கான படம் எடுங்கள்.

பெப்ரவரி நடுவில் என்றால் இரவு 8 மணிக்கு வேடன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் மூன்று நட்சத்திர இடுப்புப்பட்டி கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். பக்கத்தில் சிவந்திருப்பது திருவாதிரை. தெற்கே, மூன்று முஷ்டி உயரத்தில் அகத்தியர் (கனோபஸ்) நட்சத்திரம். பிள்ளைகளுக்கு இந்த மூன்றே போதும், முதல் நாளே முழு வானத்தையும் காட்டப் போகாதீர்கள்.

அப்புறம், லீவு என்று போயா இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், முழுநிலவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒரு வாரம் கழிந்தால் நிலவு நள்ளிரவு வாக்கில்தான் எழும். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க, டார்ச் லைட்டில் சிவப்பு டொபி பேப்பரைச் சுற்றுங்கள். மூடுபனி ஏறினால், பிளேன்டீ குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.