ஆசிரியர் தலைமைத்துவத்தில் ஆன்லைன் முதுகலை படித்தால் பிரின்சிபால் ஆகலாமா?

அமெரிக்கப் பள்ளியில் வேலை பார்த்தபடியே இதைப் படித்தால் பிரின்சிபால் ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியாது. அரசுப் பள்ளிகளில் அந்தப் பதவிக்குப் பெரும்பாலும் மாநில உரிமம் வேண்டும். அதற்கான படிப்பு வேறு. இது வகுப்பறையிலேயே இருந்துகொண்டு சக ஆசிரியர்களை வழிநடத்தக் கற்றுத்தரும் படிப்பு. பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) இருக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது செயலாய்வு, அதாவது தன் வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து தீர்வைச் செய்து பார்ப்பது. பின்னக் கணக்கில் திணறும் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டி, தவறு எந்த வரியில் தொடங்குகிறது என்று பார்த்து, அடுத்த வாரமே பாடத்தை மாற்றி நடத்தலாம். அப்புறம் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து அதைப் பேசலாம்.

சரி, சேரும் முன் இரண்டு விஷயம்: பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். இந்தப் பட்டத்துக்குச் சம்பள உயர்வு உண்டா என்று உங்கள் பள்ளி மாவட்டத்திடம் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.