ஷூரி கோட்டை: எரிந்ததும் எழுந்ததும் – கேள்வி பதில்

ஓக்கினாவாவின் தலைநகரான நாஹாவில் உள்ள ஷூரி கோட்டை, 2019 அக்டோபர் 31 அதிகாலையில் தீக்கிரையானது. அதன் மைய மண்டபத்தை 2026 இலையுதிர் காலத்துக்குள் மீண்டும் கட்டி முடிப்பது என்று திட்டமிடப்பட்டது. இந்தக் கோட்டையைக் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: படத்தில் பார்த்தால் சீன அரண்மனையாகத் தெரிகிறது; இருப்பதோ ஜப்பானில். உண்மையில் இது யாருடைய கோட்டை?

இரண்டு நாடுகளுடையதும் அல்ல. 1429இல் ஷோ ஹாஷி என்ற தலைவர், ஓக்கினாவாத் தீவில் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கி ரியூக்யூ அரசை நிறுவினார். 1879 வரை, அதாவது 450 ஆண்டுகள், அந்த அரசின் தலைமைப் பீடமாக இருந்தது ஷூரி. சீன, ஜப்பானியக் கூறுகள் கட்டடத்தில் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கலப்பு யாரோ திணித்ததன்று. எங்கே எதைக் காட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. மைய மண்டபத்தின் முன்னுள்ள முற்றத்தில் நின்றால் இது விளங்கும். வடக்கே இருந்த மண்டபம் சீனப் பேரரசின் தூதர்களை வரவேற்பதற்கு. தெற்கே இருந்தது ஜப்பானின் சட்சுமாப் பகுதி ஆட்சியாளர் அனுப்பிய அதிகாரிகளை வரவேற்பதற்கு. தெற்கு மண்டபத்துக்குச் செவ்வண்ணம் பூசாமல், ஜப்பானிய வழக்கப்படி மரத்தை மரமாகவே விட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, டிராகன் தூண்கள் காவல் நிற்க, மேற்கு நோக்கி அரசரின் மண்டபம். அதன் முகப்பில் வளைந்து இறங்கும் கூரை ஜப்பானியப் பாணி. செவ்வண்ணமும் டிராகன்களும் சீனத்திலிருந்து வந்தவை. சுற்றிலும் வளைந்து செல்லும் சுண்ணக்கல் மதில் இந்தத் தீவுகளுக்கே உரியது. மதிலுக்குள்ளேயே மரங்கள் அடர்ந்த வழிபாட்டிடங்களும் இருந்தன. அங்கே சடங்குகளை நடத்தியவர்கள் பெண் பூசாரிகள். இந்தப் பகுதியை மறந்துவிட்டுக் கோட்டையை வெறும் அரசியல் கட்டடமாகப் பார்ப்பது பாதிப் பார்வைதான்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு பேரரசுகளுக்கு எப்படிப் பணிய முடிந்தது?

சீனாவின் மிங் பேரரசுக்குத் திறை அனுப்பும் வழக்கம் 1372இலேயே தொடங்கிவிட்டது. 1609இல் சட்சுமாவின் ஷிமாசு குலத்தார் படையெடுத்து வந்து, மன்னர் ஷோ நெய்யைச் சிறைபிடித்துச் சென்றார்கள். 1611இல்தான் அவர் திரும்பினார். வடக்கிலுள்ள அமாமித் தீவுகள் கைவிட்டுப் போயின. ஆனால் அரசை அடியோடு கலைப்பதில் சட்சுமாவுக்கு ஆதாயமில்லை. சீனாவோடு வணிகம் நடக்க வேண்டுமானால் ரியூக்யூ தனி அரசாகத் தோன்ற வேண்டும். ஆகவே புதிய மன்னருக்கு முடிசூட்டச் சீனத் தூதர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கியபோதெல்லாம், சட்சுமா அதிகாரிகள் அவர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தூதர்களை மகிழ்விப்பதற்காகவே அரசவையில் ஒரு நாடக மரபும் வளர்ந்தது. தமாகுசுகு சோகுன் வகுத்த குமி ஒதோரி 1719இல் முதன்முதலில் அரங்கேறியது.

கேள்வி: ஐந்து முறை எரிந்த கட்டடத்தை மறுபடி கட்டினால் அது அசல் ஆகுமா? 1992இல் கட்டியதே சுற்றுலாவுக்கான போலி என்கிறார்களே?

1453, 1660, 1709, 1945, 2019 ஆகிய ஆண்டுகளில் கோட்டை எரிந்தது. முதல் மூன்று முறையும் அரசே மீண்டும் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டடங்களை எவரும் போலி என்று சொல்வதில்லை. 1992இல் எழுந்தது, 1709 தீக்குப்பின் 1715 வாக்கில் முடிந்த கட்டடத்தின் மீளுருவாக்கம். அதற்கு 1768இல் நடந்த பழுதுபார்ப்பின்போது அளவுகளோடு வரைந்து வைத்த ஆவணம் துணைநின்றது.

இன்னொரு துணை, ஓக்கினாவாக் கலைகளை ஆராய்ந்த கமாக்குரா யோஷித்தாரோ என்பவரின் உழைப்பு. 1879இல் ஜப்பான் ரியூக்யூவைத் தன்னோடு இணைத்து அரசரை வெளியேற்றிய பிறகு, படை முகாமாகவும் பள்ளியாகவும் பயன்பட்டுச் சிதைந்த மண்டபத்தை இடித்துத் தள்ள 1920களில் முடிவாயிற்று. அந்தச் செய்தியைப் பார்த்த கமாக்குரா, கட்டடக்கலை அறிஞர் இத்தோ சூத்தாவிடம் ஓடினார்; அவர் தோக்கியோவில் பேசி இடிப்பை நிறுத்தினார். மண்டபம் 1925இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. எந்தப் பெயரில் என்பதுதான் வேடிக்கை: ஒரு ஷிந்தோ ஆலயத்தின் வழிபாட்டு மண்டபம் என்ற பெயரில். ரியூக்யூ அரசை ஒழித்த நாட்டின் சமயச் சட்டகத்துக்குள் நுழைந்துதான் ரியூக்யூ மன்னரின் மண்டபம் உயிர்பிழைத்தது. கமாக்குரா எடுத்த ஒளிப்படங்களும் நிரப்பி வைத்த குறிப்பேடுகளும் இல்லாதிருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப்பின் இதை மீட்டுக் கட்டுவது மிகக் கடினமாகியிருக்கும். போலி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: 450 ஆண்டு வரலாற்றில் ஒரு காலகட்டத்தின் தோற்றத்தை மட்டுமே இந்த மீளுருவாக்கம் தேர்ந்துகொண்டது.

கேள்வி: அப்படியானால் கட்டடம் எரிந்ததும் யுனெஸ்கோ தகுதி போகவில்லையா?

போகவில்லை. 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை மொத்தம் ஒன்பது இடங்கள். ஷூரியில் அந்தத் தகுதி மண்ணடியிலுள்ள பழைய அடித்தள எச்சங்களுக்கு உரியது, மேலே எழுப்பிய புதிய கட்டடத்துக்கு அன்று.

கேள்வி: 1945இல் ஒரு பழைய அரண்மனையைக் குறிவைத்துத் தாக்கியது ஏன்?

ஜப்பானின் 32ஆம் படையணி, தன் தலைமையகத்தைக் கோட்டைக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி அமைத்திருந்தது. அமெரிக்கப் போர்க்கப்பலான மிசிசிப்பி உள்ளிட்டவை குண்டு மழை பொழிந்ததில் மேலே எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் போரில் ஓக்கினாவா மக்கள் நால்வரில் ஒருவர் இறந்ததாகக் கணக்கிடுவார்கள். போருக்குப்பின் 1950இல் அதே இடத்தில் ரியூக்யூ பல்கலைக்கழகம் வந்தது. அது வேறிடம் பெயர்ந்த பிறகே கோட்டையை எழுப்ப முடிந்தது. அந்தச் சுரங்கத்தையும் மக்களுக்குத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை 2019 தீக்குப்பின் வலுத்தது. அரண்மனையின் அழகைக் காட்டுவோர் அதன் அடியில் இருப்பதையும் காட்டுவதே முறை என்பது என் கருத்து.

கேள்வி: 2019 தீக்குக் காரணம் என்ன?

மின்கோளாறு என்ற ஐயம் எழுந்தது, உறுதிப்படுத்த முடியவில்லை. மைய மண்டபத்தினுள் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லாதது பெருங்குறை. புதிய திட்டத்தில் அவை சேர்க்கப்பட்டன.

கேள்வி: புதிய கட்டடம் முந்தையதிலிருந்து எதில் வேறுபடுகிறது?

1992இல் பெரிய மரங்கள் தைவானிலிருந்து வந்தன. இம்முறை ஜப்பானிய ஹினோக்கி மரங்களோடு, ஓக்கினாவாவின் வடபகுதிக் காட்டில் வெட்டிய கருவாலி வகை மரமும் சேர்ந்தது. செவ்வண்ணத்துக்கு, பழைய அரசு ஆவணத்தில் கண்ட குறிப்பை ஒட்டி, தீவின் வடபகுதியில் நீரோடைகளில் பாக்டீரியா உண்டாக்கும் இரும்புத் துருப்படிவைத் தேடிச் சென்றார்கள். எரிந்த கூரையிலிருந்து விழுந்த ஓடுகளில் ஒட்டியிருந்த காரையைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார்கள். உடைந்த ஓடுகளைப் பொடித்துப் புதிய ஓட்டுக் களிமண்ணோடு கலந்தார்கள். வேலை நடக்கும்போதே, கொட்டகைக்குள் மேடை அமைத்துப் பொதுமக்களைப் பார்க்கவும் விட்டார்கள்.

கேள்வி: ஓக்கினாவா மக்கள் அனைவருக்கும் இது பெருமைச் சின்னம்தானா?

பெரும்பாலோருக்கு ஆம். தீக்குப்பின் குவிந்த நன்கொடை 500 கோடி யென்னைத் தாண்டியது. ஆயினும் ரியூக்யூவின் ஆட்சிக்குள் இருந்த தெற்கிலுள்ள மியாக்கோ, யாயெயாமா தீவினருக்கு ஷூரி என்பது வரி வசூலித்த தலைநகரமும்கூட. அங்கே ஆள்கணக்கில் சுமத்தப்பட்ட தலைவரி, அரசு ஒழிந்த பிறகும் 1903 வரை நீடித்தது. கட்டடம் ஜப்பானிய நடுவண் அரசின் உடைமையாக இருப்பதும் ஒரு மனக்குறை. அதன் பராமரிப்பு 2019 பிப்ரவரியில்தான் மாவட்ட நிர்வாகத்திடம் வந்தது. பெருமையும் இந்தக் கசப்புகளும் சேர்ந்தே இருப்பதால்தான் இந்தக் கோட்டையைப் பற்றி அங்கே இன்னும் வாதிடுகிறார்கள்.

கேள்வி: ரியூக்யூவினருக்கும் நம் வணிகர்களுக்கும் தொடர்பு உண்டா?

மலாக்காவில் ஒரே துறைமுகத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் ரியூக்யூக் கப்பல்கள் அங்கே வழக்கமாக வந்தன. தமிழ் வணிகர்களும் அங்கே செல்வாக்கோடு இருந்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததும் ரியூக்யூக் கப்பல்கள் அந்தத் துறையைத் தவிர்த்து, மலாய்த் தீபகற்பத்தின் பட்டானி போன்ற துறைகளுக்குத் திரும்பின.

கேள்வி: அடுத்த ஆண்டு நாஹா செல்கிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

2,000 யென் நோட்டில் உள்ள ஷுரேய்மோன் வாயிலில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அது 1958இல் மீண்டும் கட்டியது. அதைத் தாண்டியவுடன் இடப்புறம் சோனோஹ்யான் உத்தாக்கி என்ற வழிபாட்டிடத்தின் கல்வாயில் இருக்கிறது. 1519இல் எழுப்பிய இந்த வாயிலின் முன் நின்றுதான், வெளியூர் புறப்படும் மன்னர் வழிப்பயணம் நலமாக அமைய வேண்டிக்கொள்வார். இது யுனெஸ்கோ பட்டியலில் தனியாகவே இடம்பெற்றது; ஆனாலும் பலர் நின்று பார்ப்பதில்லை. பிறகு ஓமோரோமாச்சியில் உள்ள மாவட்ட அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். கப்பல்களைப் பாலமாக்கிப் பல நாடுகளையும் இணைப்போம் என்று அறிவிக்கும் 1458ஆம் ஆண்டு வெண்கல மணி அங்கே இருக்கிறது; ஒரு காலத்தில் மைய மண்டபத்தில் தொங்கியதாகச் சொல்லப்படும் அந்த மணியில் 1945 போரின் குண்டுத் தழும்புகளையும் பார்க்கலாம்.