அந்த மரம் சந்நியாசி அல்ல

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. இரண்டு பிள்ளைகள், வேலை, நினைவு மங்கி வரும் மாமியார். கல்யாணத்துக்கு முன்பு தினமும் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்கார்வேன். இப்போது பத்து நிமிடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மனம் வறண்டு கிடக்கிறது. போன வாரம் வாசலில் சருகு பெருக்கிக்கொண்டிருந்தபோது, இந்த மரம் எவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று தோன்றி அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து அத்தை “மழை வருமா?” என்றார். அன்று அது பத்தாவது முறை. கத்திவிட்டேன். குடும்பத்துக்குள் இருந்துகொண்டே மனதுக்குத் தெம்பு தேடுவது எப்படி? விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்க்கட்டுமா? எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். கத்தியதற்காக உங்களைப் போட்டு வதைத்துக்கொள்ளவும் வேண்டாம்; நானும் கத்தியிருக்கிறேன், அதுவும் தியானத்தின் பெயரால். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆனால் அந்த மரத்தைச் சும்மா விட மாட்டேன். இலையுதிர்வதைப் பார்த்துப் பற்றறுத்தல் என்று உருகுபவர்கள் மீது எனக்குப் பல வருடக் கோபம். ஒரு மரத்தையாவது இவர்கள் கிட்டே போய்ப் பார்த்திருப்பார்களா? மரம் எதையும் சுலபமாக விடுவதில்லை. பகல் குறையும்போதோ தண்ணீர் வற்றும்போதோ, முதல் வேலையாக இலையில் இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்தில் பாதியளவை, சில மரங்கள் அதற்கும் மேலேயே, கிளைக்குள் இழுத்து வைத்துக்கொள்கின்றன. பச்சை போய் இலை மஞ்சளாவது அந்த வேலை நடக்கும்போதுதான். சுண்ணாம்புச்சத்தைத் திரும்ப இழுக்க வழியில்லை, அது இலையோடு மண்ணுக்குப் போகிறது. அப்புறம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவு உண்டாகிறது. இலை விழுந்த தழும்பைத் தக்கை போன்ற ஒரு படலம் மூடுகிறது, கிருமி புகாமல். விழுந்த இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள், பெரும்பாலும் ஒரு மொட்டு இருக்கும். இலை பச்சையாக இருந்தபோதே உருவாகிவிட்ட மொட்டு அது.

இதைத் துறவு என்றா சொல்வீர்கள்? மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிப் பார்க்கும் குடும்பத் தலைவியின் வேலை இது. நீங்கள் பார்த்து அழுத மரம் உங்கள் ஜாதிதான். அதனிடம் போய் உன்னைப்போல் நான் இல்லையே என்று அழுகிறீர்கள்!

பருவங்கள் நமக்குப் பாடம் சொல்லத்தான் மாறுகின்றன என்பதையும் நான் ஏற்பதில்லை. பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுகிறது, பருவம் மாறுகிறது. நம் பெயருக்கு அதில் கடிதம் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் முதல் மழை விழும் சத்தத்தில் நெஞ்சு இளகுகிறதே, அது போதாதா? அதைப் பிழிந்து ஒரு நீதியையும் எடுக்க வேண்டுமா?

துறவிகளுக்கு வசதி, நமக்கு அப்படியா என்று நினைப்பீர்கள். 1223இல் டோகன் என்ற ஜப்பானிய இளந்துறவி சீனத்துக்குப் போனார். கப்பல் துறையில் நின்றபோது, ஒரு மடத்தின் சமையல் பொறுப்பில் இருந்த வயதான துறவி பொருள் வாங்க அங்கே வந்தார். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்றார் டோகன். நாளைச் சமையலை யார் பார்ப்பது என்றார் கிழவர். இந்த வயதில் தியானத்தில் உட்காராமல் அடுப்படி வேலை எதற்கு என்று இவர் கேட்க, கிழவர் சிரித்துவிட்டார். பயிற்சி என்றால் என்னவென்றே உனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றாராம். 1237இல் டோகன், மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதுகூட அதில் உண்டு.

எனக்கு அப்படி ஒரு கிழவர் வாய்க்கவில்லை. அம்மாதான் இருந்தாள். அப்போது எனக்கு இருபது வயது, ஞானப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். பின்னறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்து அறையில் அம்மா பழைய சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். துடைக்கும் துணியாகக் கிழிப்பதற்கு முன்பு பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுவாள். டங். டங். ஒருநாள் எழுந்து போய், இந்த ஓட்டைப் பொத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், மனிதன் கொஞ்சம் நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று கத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அது மழைக்காலம். சாரல் அடிக்கிற படி.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த டப்பாவைத் திறந்தேன். ஒரே மாதிரிப் பொத்தான்களை ஐந்தைந்தாக நூலில் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். என் பள்ளிக்கூடச் சட்டையின் நீலப் பொத்தான்களும் இருந்தன. அதில் ஒன்று மட்டும் வெள்ளை. எப்போதோ நான் தொலைத்ததற்குப் பதிலாக அவள் தைத்துக் கொடுத்தது. இழுக்க முடிந்ததையெல்லாம் கிளைக்குள் இழுத்து வைத்துவிட்டுத்தான் துணியைக் கிழித்திருக்கிறாள்.

பாருங்கள், உங்கள் கேள்வியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அத்தை பதினோராவது முறை கேட்பார். அப்போது ஒரே ஒரு தடவை, உள்ளே இருந்தபடியே பதில் சொல்லாமல், வாசல் வரை போய் நிஜமாகவே வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டாவது முறையும் கேட்பார்தான்.

நான்கு மணிக்கெல்லாம் எழ வேண்டாம். உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.